ஷோகேஸுக்குள் ஒரு காவல்காரன்

பௌஸிக்கு அன்று காலையில் புத்தி கொஞ்சம் மந்தமாகத்தான் வேலை செய்தது. இல்லாவிட்டால் இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டில், அதுவும் கொழும்பில், ஒரு சோதனைச்சாவடியைத் தாண்டிப் போகவேண்டிய மனிதன் தன் பைக்குள் கிடக்கிற சீடியின் முதுகில் கறுப்பு மையால் பெரிதாக 'வைரஸ்' என்று எழுதி வைத்திருப்பானா?

காலி வீதியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். ஆமிக்காரன் பௌஸியின் பையைக் கவிழ்த்துக் கொட்டினான். ஒரு திருப்புளி, ஒரு பென் டிரைவ், பாதி தின்ற மீன் பணிஸ், கடைசியாக அந்தச் சீடி. அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "மே மொகத்த?" என்றான்.

இது என்ன என்று வேறு யார் கேட்டிருந்தாலும் பௌஸி அரை மணித்தியாலம் விளக்கம் சொல்லியிருப்பான். துவக்கோடு நிற்கிறவன் கேட்டதால் சுருக்கமாக, வைரஸ் பிடிக்கிற சாமான் என்று சிங்களத்தில் சொன்னான். ஆமிக்காரனின் முகம் மாறியது. சிக்குன்குனியா வைரஸா என்று கேட்டான். குருநாகலில் அவனுடைய அம்மாவுக்கு முழங்கால் இரண்டும் வீங்கி, மாதக் கணக்காக எழும்ப முடியாமல் கிடக்கிறாவாம். இதற்குள் அதற்கு மருந்து ஏதும் இருக்கிறதா என்றான்.

அந்த நேரத்தில்தான் மெற்றில்டா குடையை ஊன்றிக்கொண்டு முன்னுக்கு வந்தார். கொட்டாஞ்சேனையில், மெழுகுதிரிக் கடைக்கு மேல்மாடியில் 'மெற்றில்டா விசாரணை நிலையம்' நடத்துகிற அதே மெற்றில்டா. ஐம்பதைத் தாண்டிய வயது, பூப்போட்ட கவுண், எதையும் நம்பாத கண்கள். முன்பு தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் இருந்து ஊரார் பேச்சைக் கேட்டே பென்சன் எடுத்தவர். இப்போது கலியாண விசாரணை செய்கிறார். மாப்பிள்ளை குடிப்பானா, பெண்ணுக்குப் பழைய தொடுப்பு உண்டா என்று கண்டுபிடித்துச் சொல்லி, இரண்டு பக்கத்தாரின் நித்திரையையும் கெடுப்பார். பௌஸி அவருக்கு உதவியாளன். மாளிகாவத்தையில் கணினி திருத்திக்கொண்டு இருந்தவனை, வாய் அதிகம் என்று தெரிந்தும், கை சுத்தம் என்பதற்காகச் சேர்த்துக்கொண்டார்.

மெற்றில்டா அந்தப் பெடியனிடம், இது மெஷினுக்குக் கொடுக்கிற மருந்து மகன், அம்மாவுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடிக்கக் கொடு, நோவு மெல்ல மெல்லத்தான் இறங்கும் என்று சிங்களத்தில் சொன்னார். அவன் தலையாட்டிவிட்டுச் சீடியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தான். பணிஸையும் கொடுத்தான்.

"அவன்ட உம்மாவுக்கு கொத்தமல்லி. நமக்கு என்ன ஈக்கி மிஸ்?" என்று பஸ்ஸில் ஏறியதும் பௌஸி கேட்டான்.

"நமக்கு ராகுகாலம் இருக்கு. அது முடிய முதல் வெள்ளவத்தைக்குப் போய்ச் சேரவேணும்."

கத்தோலிக்கப் பெண்மணியான மெற்றில்டா ராகுகாலத்தைப் பற்றிக் கவலைப்படுவது அதுதான் முதல் தடவை. விஷயம் அப்படி.

காலையில் கடை திறக்கிற நேரத்தில் பிறிஜெற் அழுதுகொண்டு படியேறி வந்திருந்தா. அவவுடைய மகன் நோபேட் வீடு வீடாகப் போய்க் கணினி பார்க்கிறவன். அவன் போய்வருகிற வீடுகளில் ஒன்று வெள்ளவத்தை இராஜநாயகத்தின் வீடு. இராஜநாயகத்தின் மகள் தர்மினிக்கும் ஒஸ்லோவில் இருக்கிற கிரிதரன் என்கிற மாப்பிள்ளைக்கும் பொங்கலோடு நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது. இந்தக் கிழமை, மாப்பிள்ளையின் தாய்க்குத் தர்மினியின் பெயரில் ஒரு மின்னஞ்சல் போயிருக்கிறது. அதற்குள் ஒரு படம். உடுப்பு விஷயத்தில் மிகவும் சிக்கனமான ஒரு வெள்ளைக்காரியின் படம்.

ஒஸ்லோ கொதித்தது. வெள்ளவத்தை நடுங்கியது. இராஜநாயகம் ஓர் இரவு முழுக்க யோசித்து, இது நோபேட்டின் வேலை, என் மகளில் ஆசைப்பட்டுக் கலியாணத்தைக் குழப்பப் பார்க்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார். சிங்களத்தில் ஒரு முறைப்பாடும் எழுதுவித்து வைத்திருக்கிறார். இன்றைக்கு, வெள்ளிக்கிழமை ராகுகாலம் முடிந்தவுடன் பொலிசுக்குப் போகிறார்.

அந்த வருடத்தில் ஒரு தமிழ்ப் பெடியனின் பெயரையும், கணினியையும், வெளிநாட்டையும் ஒரே கடுதாசியில் எழுதிப் பொலிசில் கொடுத்தால், படத்தில் இருந்தவள் என்ன உடுத்திருந்தாள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். பெடியனைத்தான் கேட்பார்கள். எங்கே வைத்துக் கேட்பார்கள், எப்போது திருப்பி விடுவார்கள் என்று பிறிஜெற் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. நோபேட் அறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு, வைத்த சோற்றைத் தொடாமல் கிடக்கிறான் என்பதை மட்டும் இரண்டு தரம் சொன்னா.

"நோர்வே இவ்ளோ நாளும் சமாதானம் பேச வந்திச்சி," என்றான் பௌஸி. "இப்ப கல்யாணத்திலயும் கைய வெச்சிட்டு."

"வாயைக் கொஞ்சம் சாத்தும்."

"சாத்தினா பாங்கு சொல்லுற நேரத்துக்கு முந்தி முடிச்சித் தருவீங்களா மிஸ்? எனக்கு ஜும்ஆ ஈக்கி."

ஆக, இராஜநாயகத்தின் ராகுகாலமும் பௌஸியின் தொழுகையும் ஏறக்குறைய ஒரே நேரத்தைத்தான் காட்டின. பஸ்ஸோ பம்பலப்பிட்டியில் நகரமாட்டேன் என்று நின்றது.

*

கடலை நோக்கி இறங்குகிற ஒரு ஒழுங்கையில், உப்புக் காற்றில் யன்னல் கம்பியெல்லாம் துருப்பிடித்த மாடிவீடு. கதவைத் திறந்தவள் தர்மினி. அழுது வீங்கிய கண்ணோடும், "வாங்கோ அன்ரி" என்று சொல்ல மறக்கவில்லை. விரலில் நிச்சயதார்த்த மோதிரம் இருந்தது. அதை அவள் சும்மா சும்மா திருகிக்கொண்டே இருந்தாள்.

இராஜநாயகம் சாய்மனைக் கதிரையில் இருந்தார். அரச உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர் என்பதை அவர் நிமிர்ந்திருந்த விதமே சொன்னது. மடியில் பிளாஸ்ரிக் ஃபைல், பக்கத்துக் கொளுக்கியில் பொலிசுக்குப் போட்டுப்போக இஸ்திரி போட்ட சேட். வந்தது யாருக்காக என்று மெற்றில்டா ஒளிக்காமல் சொன்னார். இராஜநாயகம் கதவைக் காட்டினார்.

மெற்றில்டா அசையவில்லை. முறைப்பாடு கொடுப்பது உங்கள் விருப்பம், ஆனால் கொடுத்தால் பொலிஸ் வந்து கணினியைத் தூக்கிக்கொண்டு போகும், அது திரும்பி வருவதற்குள் உங்களுக்குப் பேரப்பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போய்விடும், அதற்கு முதல் சாட்சி சரியாக இருக்கிறதா என்று நாங்கள் ஒருமுறை பார்த்துவிடுகிறோம் என்றார். இராஜநாயகம் கணினியைப் பார்த்தார். பிறகு சுவர்க் கலண்டரைப் பார்த்தார். ராகுகாலம் முடிய இன்னும் நேரமிருந்தது.

"ராகு முடியுமட்டும் பாருங்கோ," என்றார்.

கணினிக்கு நல்ல உடுப்பு. மொனிற்றருக்குப் பூவேலை செய்த உறை, கீபோட்டுக்குப் பிளாஸ்ரிக் போர்வை, நெற்றியில் சந்தனப் பொட்டு. அந்த வெள்ளைக்காரியைவிட இது எவ்வளவோ மரியாதையாக உடுத்தியிருக்கிறது என்று பௌஸி நினைத்தான். சொல்லவில்லை. அன்று அவன் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான்.

மெஷினைப் போட்டதும் அது இருமி, முனகி, நெடுநேரம் யோசித்துவிட்டுத்தான் கண் திறந்தது. காரணம் பார்த்தவுடனே தெரிந்தது. ஒன்றுக்கு இரண்டு அன்ரிவைரஸ் உள்ளே குடியிருந்தன. முதலாவது நோபேட் போட்டது. இரண்டாவது, ஏதோ சஞ்சிகையோடு இலவசமாக வந்த சீடியிலிருந்து இராஜநாயகம் தானே போட்டது. கூடுதல் பாதுகாப்புக்காம். ஒன்று மற்றதைக் கள்ளன் என்று பிடித்து அமுக்க, மற்றது இதைப் பிடித்து அமுக்க, வீட்டுக்குள் வந்துபோகிற உண்மையான கள்ளனைப் பார்க்க இரண்டுக்கும் நேரமில்லை.

"அங்கிள், எங்கட ஆக்களே ரெண்டாங் கல்யாணம் முடிக்க இப்ப பயப்புடுற," என்றான் பௌஸி. "நீங்க ஒரே ஊட்டுக்குள்ள ரெண்டையும் வெச்சிக்கிட்டு, மெஷின் ஸ்லோ எண்டு செல்றீங்க."

தர்மினி உதட்டைக் கடித்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள். இராஜநாயகம் தம்பி வேலையைப் பார் என்றார்.

பௌஸி இரண்டாவதைக் கழற்றி வீசிவிட்டு, முதலாவதைப் பரீட்சித்தான். ஒரு காவல்நாய் வேலை செய்கிறதா என்று பார்க்க மதிலுக்கு மேலால் எதையாவது எறிந்து பார்க்கவேண்டும். அவனுடைய பென் டிரைவில் அதற்கென்றே சில சாமான்கள் உண்டு. எல்லாம் பல்லுப் பிடுங்கினவை, கடிக்காது. ஒரு பழைய வைரஸை எறிந்தான். நாய் குரைத்தது. அதைவிடப் பழையதை எறிந்தான். பாய்ந்து விழுந்து குரைத்தது. இந்த வருடத்து வைரஸ் ஒன்றை எறிந்தான். நாய் வாலை ஆட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது.

"நல்ல நாய் மிஸ். ஆனா செத்துப்போன கள்ளன்மார மட்டுந்தான் இதுக்குத் தெரியும்."

மெற்றில்டா அந்த நேரம் திரையைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிழிக்கிற கலண்டரில் அன்றைய வெள்ளிக்கிழமை சரியாக நின்றது. முந்திய நாள் தாள் ஒழுங்காகக் கிழிக்கப்பட்டிருந்தது. பிறகு திரும்பித் திரையின் மூலையைப் பார்த்தார்.

"பௌஸி, இது என்ன மாதம்?"

"ஓகஸ்ட்."

"அப்ப இது ஏன் ஜனவரியில நிக்குது?"

இராஜநாயகத்தின் முகத்தில் அன்று முதல் தடவையாக ஒரு பெருமை வந்தது. அந்த அன்ரிவைரஸ் ஒரு மாதம் மட்டும் சும்மா பாவித்துப் பார்க்கத் தருகிற சாமான். மாதம் முடிந்தால் காசு கேட்கும். இராஜநாயகமா கொடுப்பார்? காலையில் குளித்து, திருநீறு பூசி, கலண்டர் தாளைக் கிழித்து, அதே கையோடு கணினியைப் போட்டு, அதன் திகதியை நிச்சயதார்த்த நாளுக்குத் திருப்பி வைப்பார். நல்ல நாள் பார்த்துப் போட்ட சாமான், நல்ல நாளிலேயே இருக்கட்டும். மாதமும் முடியாது, காசும் கேட்காது. யாரும் சொல்லித் தரவில்லை, சொந்தக் கண்டுபிடிப்பு என்றார்.

பௌஸி தலையில் கைவைத்தான். நாய்க்கு நடந்தது என்னவென்று இப்போது புரிந்தது. அதற்கு ஒவ்வொரு நாளும் ஜனவரி. புதுக் கள்ளன்மாரின் முகங்களை யாரும் அதற்குக் காட்டவே இல்லை.

"அங்கிள், ஒரு நல்ல சாமான் வாங்கிப் போட்டா என்ன?"

"நல்லது இருக்கு," என்று இராஜநாயகம் ஷோகேஸைக் காட்டினார்.

கண்ணாடிக்குள் பீங்கான் கோப்பைகளுக்கும் வெளிநாட்டு சென்ற் போத்தல்களுக்கும் நடுவில் ஒரு பெட்டி நின்றது. மினுமினுப்பான பெட்டி, மேலே கேடயம் பிடித்த காவல்காரனின் படம். சுற்றியிருந்த பிளாஸ்ரிக் தாள்கூடப் பிரிக்கப்படவில்லை. மாப்பிள்ளை ஒஸ்லோவிலிருந்து வந்த ஆளிடம் கொடுத்து அனுப்பிய ஒரிஜினல் அன்ரிவைரஸ். அதைப் பிரித்துப் பாவிக்க யாருக்கு மனம் வரும்? வந்துபோகிறவர்கள் பார்க்கட்டும் என்று, திறப்பை இடுப்பில் செருகி, உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்.

பௌஸி அந்தப் பெட்டியையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தன் பையைத் திறந்தான்.

*

பௌஸி தன்னுடைய சீடியைப் போட்டுத் தேடினான். கொஞ்ச நேரத்தில் திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. மெதுவாகச் சொல்ல நினைத்தான். இராஜநாயகம் ஏற்கனவே தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது அதுதானே? அந்தப் படம்?"

"அதுதான்," என்றான் பௌஸி.

அந்தப் படத்தைச் சுமந்து திரிகிற பூச்சி தர்மினியின் அஞ்சல்பெட்டிக்குள்ளேயே இருந்தது. இராஜநாயகம் ஒன்றும் சத்தம் போடவில்லை. நான் சொல்லவில்லையா என்று மட்டும் மெற்றில்டாவைப் பார்த்துக் கேட்டார். என் வீட்டு மெஷினுக்குள் இது எப்படி வந்தது, எனக்கும் மகளுக்கும் பிறகு இதில் கைவைக்கிறவன் அவன் ஒருவன்தான் என்றார். போய்க் கொளுக்கியில் இருந்த சேட்டை எடுத்தார்.

பௌஸிக்கு நோபேட்டைத் தெரியும். சாமான் வாங்குகிற இடத்தில் கண்டு கதைக்கிற பழக்கம். பௌஸி ஒரு பகிடி விட்டால் நாளைக்குத்தான் விளங்கிச் சிரிக்கிற அப்பாவி. அவனை ஜீப்பில் ஏற்றுகிற காட்சி கண்முன்னே வந்தது. அந்த நேரத்தில் தன் சீடியை இரண்டாக உடைத்துப் போட்டால் என்ன என்றிருந்தது அவனுக்கு. அந்தச் சிவப்பு வரியைக் காட்டிக் கொடுத்தவன் அவன்தானே.

மெற்றில்டா கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

"தர்மினி, நீர் மாப்பிள்ளைக்கு எழுதின கடிதங்களைக் காட்டும். படிக்க வேண்டாம். மேல இருக்கிற திகதி மட்டும் போதும்."

தர்மினி காட்டினாள். அனுப்பிய கடிதங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரை நிறைய வந்தன. எல்லாவற்றிலும் ஒரே திகதி. நிச்சயதார்த்தம் நடந்த அந்த ஜனவரி நாள்.

"ஒரே நாள்ல இவ்ளோ காதல் கடிதாசி எழுதின பொம்புளய நான் கண்டதே இல்ல," என்றான் பௌஸி.

தர்மினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையோடு கலந்து வந்த சிரிப்பு. "அவரும் இப்பிடித்தான் பகிடி பண்ணுறவர் அன்ரி. 'உமக்கு எப்பவும் பொங்கல்தானே, உம்மட வீட்டில வருசமே நகராதோ' எண்டு."

மெற்றில்டா அதைக் கேட்டுக் கண்ணைச் சுருக்கினார். இராஜநாயகத்திடம் திரும்பி, ஒஸ்லோவுக்குப் போன கடிதத்தின் பிரதியைத் தரமுடியுமா என்று கேட்டார். இராஜநாயகம் ஒரு கை சேட்டுக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நின்று, ஃபைலிலிருந்து அதை உருவிக் கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டார் அச்சடித்து ஃபக்ஸில் அனுப்பியது. படத்தின் மேல் மரியாதைக்காக ஒரு துண்டுக் கடுதாசி ஒட்டப்பட்டிருந்தது.

மெற்றில்டா படத்தைப் பார்க்கவில்லை. மேலே இருந்த வரியில் விரலை வைத்தார்.

"இதில என்ன திகதி ஐயா?"

"ஓகஸ்ட். இந்தக் கிழமை."

"உங்கட வீட்டில இருந்து ஓகஸ்டில ஒரு கடிதமும் போகேலாது. உங்கட வீட்டுக்கு இன்னும் ஓகஸ்ட் வரேல்ல."

சேட்டின் மற்றக் கை தொங்கிக்கொண்டே நின்றது. இராஜநாயகம் திரையைப் பார்த்தார், கடுதாசியைப் பார்த்தார், திரும்பவும் திரையைப் பார்த்தார். தன் கையால், தன் கண்டுபிடிப்பால், நாள் தவறாமல் திருப்பிவைத்த அந்த ஜனவரி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்படியானால் உள்ளே கிடக்கிற பூச்சி என்ன என்று அவர் விடவில்லை. அது இங்கிருந்து போகாவிட்டால் இங்கே எப்படி வந்தது?

"அதையும் கேப்பம்," என்றார் மெற்றில்டா. "தர்மினி, அந்தப் படம் உமக்கு வந்ததுதானே. ஆரின்ர பேரில வந்தது?"

தர்மினி தலையைக் குனிந்தாள். மோதிரத்தைத் திருகினாள். அப்பா இருக்கும்போது சொல்லமுடியாது என்றாள். சொல்லத்தான் வேண்டும், இன்னொரு வீட்டில் ஒரு பிள்ளை சாப்பிடாமல் கிடக்கிறான் என்றார் மெற்றில்டா.

"மாமின்ர பேரில," என்றாள் தர்மினி. "கிரிதரன்ர அம்மா. நான் பெரியவவின்ர மரியாதை கெடக்கூடாது எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்ல."

அதே வெள்ளைக்காரி இரண்டு வீட்டுக்கும் வந்திருக்கிறாள். மாமியார் ஊரைக் கூட்டினார். மருமகளாக வரப்போகிறவள் வாயைப் பொத்திக்கொண்டு நெஞ்சுக்குள் வைத்து அழுதாள். பௌஸிக்குத் திடீரென்று அந்தப் பிள்ளையில் பெரிய இரக்கம் வந்தது.

இராஜநாயகத்துக்கு அவன்தான் விளங்கப்படுத்தினான். இந்தப் பூச்சி ஒரு வீட்டுக்குள் புகுந்தால், அந்த வீட்டுக்காரன் யார் யாருடைய விலாசமெல்லாம் வைத்திருக்கிறானோ, அத்தனை பேருக்கும் படத்தை அனுப்பும். அனுப்பியவர் பெயரிலும் உண்மை இருக்காது. அதே விலாசக் கூட்டத்துக்குள்ளிருந்து அகப்பட்ட ஒரு பெயரைப் போட்டுவிடும். ஆகவே பெயரில் இருக்கிறவர் கள்ளனில்லை. அந்த எல்லாப் பெயரையும் வைத்திருக்கிறவனுடைய மெஷின்தான் பூச்சியின் வீடு.

மெற்றில்டா ஃபக்ஸை நீட்டி, இதே கடிதம் ஒஸ்லோவில் கோயில் தலைவருக்கும் போயிருக்கிறதே, அவரை உங்களுக்குத் தெரியுமா என்றார். யார் அவர் என்று கேட்டார் இராஜநாயகம். மகளும் தெரியாதென்று தலையாட்டினாள்.

"உங்கட மகளையும் தெரியும், மாப்பிள்ளையின்ர தாயையும் தெரியும், கோயில் தலைவரையும் தெரியும். அப்பிடி எத்தினை பேர் ஐயா இருக்கினம்?"

இராஜநாயகம் கதிரையில் இருந்துவிட்டார். பிறகு மெல்ல, கிரிதரன் கொம்பியூட்டர் என்ஜினியர், அவருக்கு இதெல்லாம் வராது என்றார்.

"என்ஜினியருக்கும் வரும் அங்கிள்," என்றான் பௌஸி. "இது தானா வாற சாமான் இல்ல. படத்தப் பாக்க ஆசப்பட்டு கதவத் தொறந்தாத்தான் உள்ளுக்கு வரும்."

"வந்தது பெரிய விஷயமில்லை," என்றார் மெற்றில்டா. இப்போது அவருடைய குரலில் பகிடி இல்லை. "ஆம்பிளைப் பிள்ளை, பாத்திட்டுப் போகட்டும். என்ஜினியர் எண்டதுதான் எனக்குக் கவலை. பேர் பொய்யாயும் வரும் எண்டு அவருக்குத் தெரியும். உங்கட வீட்டில எப்பவும் ஜனவரி எண்டும் அவருக்குத் தெரியும், அதை வச்சுப் பகிடியும் விட்டவர். ஓகஸ்ட் திகதியோட வந்த கடிதம் தர்மினியின்ரை இல்லை எண்டு பாத்த உடனே அவருக்கு விளங்கியிருக்கும். ஐயா, நோபேட்டின்ர பேரை முதல்ல சொன்னது ஆர்?"

ஒரு கையில் சேட்டோடு இராஜநாயகம் திடீரென்று வயது கூடிய மனிதராகத் தெரிந்தார்.

"கிரிதரன்தான் போனில கேட்டவர்," என்றார். "வீட்டுக்கு வந்து போற பெடியன் ஆர் எண்டு. அவனிலதான் தனக்குச் சந்தேகம் எண்டவர். பொலிசுக்குச் சொல்லுங்கோ எண்டதும் அவர்தான்."

தூரத்தில் கடற்கரைப் பக்கம் ரயில் போனது. பிறகு பள்ளியிலிருந்து பாங்கு கேட்டது. ராகுகாலமும் முடிந்திருந்தது.

மெற்றில்டா கைப்பேசியை எடுத்துக் கொட்டாஞ்சேனைக்கு அழைத்தார். பிறிஜெற், கதவைத் தட்டி அவனுக்குச் சோறு போடு என்றார். மறுபக்கத்தில் அழுகிற சத்தம் பௌஸிக்கும் கேட்டது. பேசி முடியுமட்டும் இராஜநாயகம் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெடியன் தனக்கு வசதிப்படுகிற நேரம் வந்து என் கணினியைக் காசு வாங்காமல்தான் திருத்தித் தந்தவன் என்று யாருக்கென்றில்லாமல் சொன்னார். நாளைக்கு நானே போய் அவன்ர தாயிட்டக் கதைக்கிறன் என்றார்.

தர்மினி எழுந்து வந்து அப்பாவின் முன்னால் கையை நீட்டினாள்.

"ஷோகேஸ் திறப்பைத் தாங்கோ."

அந்தத் திறப்பை அவர் இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை என்பது அவர் இடுப்பைத் தடவிய விதத்திலேயே தெரிந்தது. கொடுத்தார். அவள் கண்ணாடியைத் தள்ளி, கோப்பைகளை ஒதுக்கி, ஒஸ்லோக் காவல்காரனை வெளியே எடுத்து மேசையில் வைத்தாள். பிளாஸ்ரிக் தாளை நகத்தால் கீறிப் பிரித்தாள்.

இப்போதாவது நல்ல புத்தி வந்ததே என்று பௌஸி சீடித் தட்டைத் திறந்து கையை நீட்டினான். அவள் அவனிடம் கொடுக்கவில்லை.

"இது இஞ்ச தேவையில்லை அண்ணா. அங்கதான் தேவை. திருப்பி அனுப்பப் போறன்."

விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றினாள். அழவில்லை. அதைப் பெட்டிக்குள் போட்டாள். பெட்டியை ஆட்டிப் பார்த்தாள். உள்ளே மோதிரம் கிலுகிலுத்தது. அதை அடக்க ஏதாவது வேண்டும் என்று சுற்றிப் பார்த்தவள், அப்பாவின் மடியிலிருந்த ஃபைலைத் திறந்து, சிங்களத்தில் எழுதுவித்த அந்த முறைப்பாட்டை எடுத்தாள். எடுத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

இராஜநாயகம் தடுக்கவில்லை.

அவள் மோதிரத்தை முறைப்பாட்டில் சுற்றி, நன்றாக மடித்து, பெட்டிக்குள் இறுக்கி வைத்தாள். இன்னொரு தரம் ஆட்டிப் பார்த்தாள். சத்தமில்லை.

இராஜநாயகம் மெல்ல எழுந்தார். ஒரு கையில் தொங்கிய சேட்டைக் கழற்றித் திரும்பவும் கொளுக்கியில் போட்டார். அறைக்குள் போய், லாச்சியை இழுத்துத் தேடி, பெட்டியை ஒட்டுவதற்கு செலோரேப் எடுத்துக்கொண்டு வந்தார்.